எட்டு அட்டைகள், கணக்கில் பூஜ்யம்

நேற்று முழுவதும் ஒரு பூஜ்யத்தோடு மல்லுக்கட்டினேன். சர்வரில் 8 ஜிபியு (வரைகலைச் செயலி) அட்டைகள். டிரைவர் எட்டையும் காட்டுகிறது. கன்டெய்னர்களை (தேவையானதெல்லாம் சேர்த்துக் கட்டிய மென்பொருள் பொட்டலங்களை) சர்வர்களில் பிரித்து ஓட்டும் குபர்னெட்டிஸிடம் கேட்டால் ஒன்றுகூட இல்லை என்கிறது. ஜிபியு கேட்ட பாட் (குபர்னெட்டிஸ் ஒன்றாக ஓட்டும் கன்டெய்னர் தொகுப்பு) 'பெண்டிங்', அதாவது காத்திருப்பு நிலையிலேயே தவம் கிடந்தது.

குபர்னெட்டிஸுக்குத் தானாகத் தெரிந்தவை சிபியு, நினைவகம் போன்றவைதான். அட்டைகளை எண்ணிச் சொல்ல நோடுதோறும், அதாவது ஒவ்வொரு சர்வரிலும், டிவைஸ் பிளகின் என்ற துணை நிரல் ஓட வேண்டும். ஓடத்தான் செய்தது. ஆனால் அதுவும் ஒரு கன்டெய்னர்தானே, அதன் கண்ணுக்கே அட்டை படவில்லை! கன்டெய்னர்களை இயக்கும் கன்டெய்னர்டியின் அமைப்புக் கோப்பில், அவற்றுக்கு அட்டையைக் காட்டும் ஜிபியு ரன்டைமை இயல்புநிலையாக வைக்க மறந்தவன் நான். திருத்தி மறுதொடக்கம் செய்ததும் எட்டும் வந்தன.

இனி அடுத்த வழக்கு. ஜிபியுவை, சிபியுவைப் போல 0.5 என்று கேட்க முடியாது, முழு எண்தான். சின்னச் சோதனைக்கு முழு அட்டையையும் பிடித்துக்கொண்டு உட்காரும் பாட்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது.