641-இல் மீதி இல்லை

429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. இந்த எண்ணை நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கம் எழுதி வைத்துக்கொண்டு, போன ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுக்க வகுத்துக்கொண்டிருந்தேன். கால்குலேட்டர் பக்கத்திலேயே இருந்தது, தொடவில்லை. இந்தக் கணக்கைக் கையால் போட்டுப் பார்க்க வேண்டும் என்பது பல வருட ஆசை.

32 இரண்டுகளைப் பெருக்கி ஒன்று கூட்டினால் 4294967297. இப்படி ஒன்று கூட்டும்போது 2-இன் அடுக்கு 1, 2, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 3, 5, 17, 257, 65537 கிடைக்கும். ஐந்துமே பகா எண்கள். அடுத்தது 32-ஆம் அடுக்கு, அதாவது நம் எண். அதுவும், அதற்கப்புறம் வருகிற எல்லாமும் பகா எண்கள்தான் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித மேதை ஃபெர்மா நம்பினார். நிரூபணம் அவரிடம் இல்லை. 1729 கடைசியில் கோல்ட்பாக் என்ற கணித அறிஞர் இதைப் பற்றி இன்னொரு கணித மேதையான ஆய்லரிடம் கேட்டார். 1732-இல் ஆய்லர் இந்த எண்ணை உடைத்து, அது பகா எண் அல்ல என்று காட்டினார். அப்போது அவருக்கு வயது 25.

குருட்டுத்தனமாகத் தேடினால் 3, 5, 7, 11 என்று ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் பார்க்க வேண்டும். விடை 641. அது 116-வது பகா எண், ஞாயிற்றுக்கிழமை போதாது! ஆனால் ஆய்லர் பின்னாளில் நிரூபித்த ஒரு விதி இருக்கிறது. இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே ஆக வேண்டும். சரி, 65, 129, 193, 257 என்று எழுதிக்கொண்டே போய், பகா எண் அல்லாததை அடித்துவிட்டேன். 641 வரை மிஞ்சியது ஐந்தே ஐந்து.

193-ஆல் வகுத்தேன், மீதி 109. 257, மீதி 2. இவ்வளவு பக்கத்தில் வந்து தவறியதில் ஒரு கணம் என் வகுத்தலையே சந்தேகப்பட்டு மறுபடி போட்டேன். 2 தான். 449-க்கு 325. 577-க்கு 288. அப்புறம் 641. கடைசி இலக்கத்தை இறக்கினேன், கழித்தேன், பூஜ்யம். முந்நூறு வருடத்துக்கு முன்னால் வந்த விடைதான். இருந்தும் கை லேசாக நடுங்கியது.

எனக்கு மனசு கேட்காத விஷயம் ஒன்று உண்டு. அந்த 64 விதிக்கு அடிப்படையே ஃபெர்மாவின் சிறிய தேற்றம் (ஒரு பகா எண்ணால் வகுபடாத எண்ணை, அந்தப் பகா எண்ணைவிட ஒன்று குறைந்த அடுக்குக்கு உயர்த்தி, அதே பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும்). அவர் கண்டுபிடித்தது, அதே 1640-இல். தன் சாவியை வைத்தே இந்தப் பூட்டை அவர் திறந்திருக்கலாம்.

வகுத்தலே வேண்டாம் என்றாலும் வழி உண்டு. 641 என்பது 5 × 128 + 1. அதே 641, 625 + 16-ம் கூட, அதாவது 5-இன் நான்காம் அடுக்கும் 2-இன் நான்காம் அடுக்கும். இரண்டையும் கோத்தால் நாலு வரியில் நிரூபணம் முடிந்துவிடும்.

நான் பெருக்கியே சரிபார்த்தேன். 641-ஆல் வகுத்தபோது ஈவாக வந்த 6700417-ஐ 600-ஆல், 40-ஆல், 1-ஆல் பெருக்கி, மூன்று வரியையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினேன். 4294967297.