யோபுவின் கதையைச் சொன்ன கைதி

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியும் எனக்கு ஜெபமாலை ஓடவில்லை. மூன்றாவது மணியைத் தாண்டுவதற்குள் மனசு எங்கேயோ போய்விடும். ஞாயிறு பூசைக்குப் போவேன், பழக்கதோஷம். பாட்டு வந்தால் வாயை மட்டும் அசைப்பேன். அம்மா படுக்கையில் கிடந்த இரண்டு வருடமும் நான் செய்யாத நவநாள் இல்லை. துட்டி கேட்க வந்த சொந்தக்காரர் ஒருவர், “விசுவாசம் முழுசா இருந்திருந்தா சுகம் கெடச்சிருக்கும்” என்று காப்பியை ஆற்றிக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். அந்த டம்ளரை நான்தான் கழுவி வைத்தேன்.

ஒரு சனிக்கிழமை அக்கா வந்து நின்றாள். “சும்மா வா மக்கா, புலியூர்க்குறிச்சி வரைக்கும் போயிட்டு வருவோம்.” ஜெபிக்கச் சொல்லவில்லை என்பதால் கிளம்பினேன். வடசேரியில் தக்கலை பஸ் பிடித்தோம்.

முதலில் உதயகிரிக் கோட்டை. இப்போது அது வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்கா. மான்களைப் பார்க்க வந்த கூட்டத்தைத் தாண்டி உள்ளே நடந்தால், கூரை போன பழைய ஆலயச் சுவர்களுக்குள் டிலனாயின் கல்லறை இருக்கிறது. கல்லில் இலத்தீனிலும் தமிழிலும் எழுதியிருக்கிறார்கள். 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படையிடம் பிடிபட்ட டச்சு அதிகாரி அவர். கைதியாக வந்தவர் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி கொடுத்து, 1777-இல் இறந்து, இங்கேயே அடங்கிவிட்டார்.

இவரிடம்தான் நட்டாலத்து நீலகண்ட பிள்ளை தன் மனக்குறையைச் சொன்னார். அரண்மனை உத்தியோகஸ்தர். மாடுகள் செத்து, பயிர் அழிந்து, இழப்புமேல் இழப்பு வந்து முகம் வாடிக் கிடந்தவருக்கு டிலனாய் சொன்னது, பைபிளில் ஒரு தப்பும் செய்யாமலே எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் கதை. 1745-இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று நீலகண்ட பிள்ளை தேவசகாயம் ஆனார். லாசர் என்ற பெயரைத்தான் அப்படித் தமிழாக்கி வைத்தார்கள்.

இதெல்லாம் ஞானோபதேச வகுப்பிலேயே படித்ததுதான். ஆனால் கல்லறைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் ஒன்று உறைத்தது. சோர்ந்து போனவனுக்குச் சொல்ல பைபிளில் எத்தனையோ இருக்கிறது. டிலனாய் எடுத்ததோ, பிறந்த நாளையே சபித்தவனின் கதை! யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள் ஏழு பகலும் ஏழு இரவும் ஒன்றும் பேசாமல் தரையில் கூடவே உட்கார்ந்திருந்தார்கள். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்ததும், ‘நீ ஏதாவது பாவம் செய்திருப்பாய்’ என்று ஆரம்பித்தார்கள். காப்பி குடித்த என் சொந்தக்காரரின் மூதாதையர்! கடைசியில் கடவுள் கோபப்பட்டது அவரோடு வழக்காடிய யோபுவிடம் இல்லை, அவருக்காக வக்காலத்து வாங்கிய இந்த நண்பர்களிடம். அக்காவிடம் சொன்னேன். “நீயும் போய் வழக்காடேன், யாரு வேண்டாம்னா” என்றாள்.

கோட்டையை விட்டு முட்டிடிச்சான் பாறைக்குப் போனோம். மதம் மாறிய பிறகு கைதாகி, சங்கிலியோடு இழுத்து வரப்பட்ட தேவசகாயம் தாகத்தில் கைமுட்டியால் பாறையை இடிக்க, தண்ணீர் வந்தது என்பது நம்பிக்கை. எனக்கு முன்னால் நின்ற ஆச்சி ஒருத்தி குனிந்து எவர்சில்வர் டம்ளரில் மெதுவாக மொண்டாள். டம்ளர் பாறையில் உரசிய சத்தத்துக்கு எனக்குப் பல் கூசியது. பாதி குடித்துவிட்டு, மிச்சத்தை என் உள்ளங்கையில் ஊற்றினாள். என்ன வேண்டுதல் என்று கேட்கவில்லை. எங்கள் ஊர்ப்பக்கம் அது பெரிய அதிசயம்.

அக்கா பாட்டிலை நிரப்பிக்கொண்டாள்.

சாயங்காலம் ஆரல்வாய்மொழி வந்து காற்றாடிமலை ஏறினோம். 1752 ஜனவரி 14-இல் அவரைச் சுட்டுக் கொன்ற இடம். 2022-இல் புனிதர் பட்டம் கிடைத்ததிலிருந்து வெளியூர்க் கூட்டமும் வருகிறது. காற்று வேட்டியைப் பறிக்கிற மாதிரி அடித்தது. கீழே காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அவர் இறந்தபோது உருண்டு விழுந்ததாகச் சொல்லும் பாறையை ஒரு பையன் சிறு கல்லால் தட்டினான். மணிச்சத்தமேதான். நானும் தட்டினேன். ஜெபம் ஒன்றும் வரவில்லை. “ஏன் ரெண்டு வருஷம் கிடக்கப்போட்டீர்?” என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன் போல, பையன் திரும்பிப் பார்த்தான். எட்டு மாதத்தில் கடவுளிடம் நான் பேசிய முதல் பேச்சு அதுதான்.

திரும்பும் பஸ்ஸில் தொண்டை வறண்டது. பாட்டிலைத் திறந்து முக்கால்வாசி குடித்த பிறகுதான் அக்கா பார்த்தாள்.

“லேய், அது வீட்டுக்குக் கொண்டுபோக எடுத்ததுல்லா!”

“தாகமா இருந்துச்சுக்கா” என்றேன்.