எட்டு பிட்டில் லீனியர் வேண்டாம்

காம்போசிட்டிங்கில், அதாவது பல படங்களை ஒன்றாக இணைக்கும் வேலையில், லீனியரா (ஒளியின் அளவுக்கு நேர் விகிதத்தில் எண்களை வைத்துக் கணக்கிடுவதா) வேண்டாமா, எத்தனை பிட் (நிறத்தை எத்தனை நுணுக்கமாகப் பதிவது) என்ற இரண்டையும் தனித்தனி செட்டிங்காகத்தான் பலரும் நினைக்கிறார்கள். சேர்த்தே முடிவெடுக்க வேண்டியவை இவை. 8 பிட் ப்ராஜெக்ட்டில் லீனியரை மட்டும் ஆன் செய்தால் அடிபடுவது நிழல்தான். அங்கே கறுப்புக்கு (0) அடுத்த முதல் படியே (1) எஸ்ஆர்ஜிபி, அதாவது வழக்கமான திரைக் கணக்கில் சுமார் 13. இடையிலிருந்த 12 சாயல்களும் 0-வுடனோ 1-உடனோ போய் ஒட்டிக்கொள்ளும். இருட்டுச் சுவர் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட் இன்டிஜர் (முழு எண்) நிழலைக் காப்பாற்றும், ஆனால் 1.0-க்கு, அதாவது திரையின் முழு வெள்ளைக்கு, மேற்பட்ட வெளிச்சத்தை வெட்டிவிடும். ஆகவே லீனியர் என்றால் 32 பிட் ஃப்ளோட் (1.0-ஐத் தாண்டியும் தாங்கும் தசம எண்).

அந்த வெட்டு டீஃபோகஸில்தான் (படத்தை ஃபோகஸ் இல்லாததுபோல் மங்கலாக்குவதில்) பல்லிளிக்கும். 20.0 மதிப்புள்ள ஒரு விளக்குப் பிக்சலை 100 பிக்சலுக்குப் பரப்பினால் ஆளுக்கு 0.2, வட்டம் நன்றாகத் தெரியும். 1.0-இல் வெட்டுப்பட்டிருந்தால் 0.01தான், விளக்கு இருந்த சுவடே இருக்காது.

காம்போசிட்டிங் மென்பொருளான நியூக் உள்ளுக்குள் எப்போதும் 32 பிட் ஃப்ளோட் என்பதால் அங்கே கவனம் படத்தை உள்ளே கொண்டுவரும் ரீட் நோடின் கலர்ஸ்பேஸில் இருந்தால் போதும். இன்னொரு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ராஜெக்ட் 32 பிட்டாக இருந்தும் நடுவில் ஒரு 8 பிட் எஃபெக்ட் புகுந்தால் கதை முடிந்தது. எஃபெக்ட் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஸ்க்ரீன் பிளெண்டிங்கும் இங்கே ஆபத்து. ஸ்க்ரீனின் அடிப்படைச் சூத்திரமான 1 − (1 − A) × (1 − B)-இல் 2.0-வையும் 3.0-வையும் அப்படியே போட்டால் விடை மைனஸ் 1: நெருப்பின் நடுவே கறுப்பு ஓட்டை விழலாம். ஒளியோடு ஒளி சேர்க்க ஆட் போதும், நியூக்கில் ப்ளஸ்.

ஷாட் பாதி முடிந்தபிறகு லீனியரை ஆன் செய்வதைப்போல வம்பு வேறில்லை. கறுப்பின்மேல் 50 சதவீத ஒபாசிட்டியில் இருக்கும் வெள்ளை 128-லிருந்து 188-க்குத் தாவும். ஃபெதர் (மங்கலாக்கிய விளிம்பு), மோஷன் ப்ளர், கண்ணாடிப் பிரதிபலிப்பு எல்லாமே மாறும். முதல் நாளே செய்யுங்கள்.

3டி ரெண்டரிலிருந்து தனியாக வரும் டெப்த் (தொலைவு), நார்மல் (பரப்பின் திசை), மோஷன் வெக்டர் (நகர்வு) பாஸ்கள் நிறமல்ல, எண்கள். அவற்றைக் கலர் கன்வர்ஷன் தொடக்கூடாது: நியூக்கில் ரா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ப்ரிசர்வ் ஆர்ஜிபி. வெளியே எழுதும்போது நிறத்துக்கு 16 பிட் ஹாஃப் ஃப்ளோட் இஎக்ஸ்ஆர் கோப்பு தாராளம். 65504 வரை தாங்கும். டெப்த்தையும் பொசிஷனையும் மட்டும் 32 பிட்டிலேயே எழுதுங்கள். ஹாஃபில் 2048-க்கு மேல் ஒற்றைப்படை எண்களே கிடையாது. தொலைவிலுள்ள பரப்புகள் படிக்கட்டாகிவிடும்.