இன்னொரு தடவை பாருங்கம்மா

கண் மருத்துவ உதவியாளர் வேலையில் வாய் ஓயாமல் சொல்வது "இன்னொரு தடவை பாருங்க" என்பதைத்தான். ஓ.பி.யில் அதில் ஒரு தப்பும் இல்லை. ஆறு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருப்பவர் ஒரு வரியில் தயங்கினால் அப்படியே விட்டுவிடக் கூடாது. கண்ணைச் சிமிட்டிவிட்டுப் பார்க்கச் சொல்லணும், ஊசித்துளை போட்ட அட்டையைக் கண் முன்னால் வைத்துப் பார்க்கச் சொல்லணும். அந்தக் கண்ணால் அதிகபட்சம் எவ்வளவு முடியுமோ அதைக் கறந்துவிடணும். அப்போதுதான் கண்ணாடி சரியாக அமையும். பயிற்சியில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள், நானும் இப்படித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமிலும் பலகை அதேதான். அங்கே இந்த "இன்னொரு தடவை" வேறு வேலை செய்கிறது. திருவாரூர்ப் பக்கத்து முகாம் ஒன்றில் ஒரு அம்மா அதை முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனார். அதிலிருந்து அதையே திருப்பித் திருப்பி யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

கணக்கு இதுதான். 6/18 என்றால், நல்ல கண் பதினெட்டு மீட்டரில் படிப்பதை இந்தக் கண் ஆறு மீட்டரில்தான் படிக்கிறது; கீழ் எண் கூடக்கூடப் பார்வை மோசம். ஒரு கண் முழுசாகப் போய்விட்டது, இன்னொரு கண் கண்ணாடி போட்டு 6/18 வரை படிக்கிறது என்றால் பாதிப்பு 30 சதவீதம். அந்த இன்னொரு கண் 6/24-லேயே நின்றுவிட்டால் 40-ஐத் தாண்டிவிடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும். ஆக, பலகையில் ஒரே ஒரு வரி.

அந்த அம்மாவுக்கு வலது கண்ணில் பூ விழுந்திருந்தது. எங்கள் பக்கத்துக்குப் பழகிய கதைதான். கதிரடிக்கும்போது நெல் தெறித்துக் கண்ணில் பட்டு, தாய்ப்பால் விட்டு, பச்சிலை பிழிந்து, ஆஸ்பத்திரிக்கு வரும்போது கருவிழி புண்ணாகி வெளுத்துவிடும். அறுவடை மெஷின் வந்தபிறகு இது குறைந்திருக்கிறது, அதற்கு முன்னால் போன கண்கள் போனவைதான். இடது கண்ணின் விழித்திரையைச் சர்க்கரை தொட்டிருந்தது. எழுத்துத் தெரியாதவர் என்பதால் ஆங்கில 'E' பலகை: அந்த எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கம் கையைக் காட்டணும்.

6/24 வரியைச் சுலபமாகக் காட்டினார். 6/18-க்கு வந்ததும் கை அந்தரத்தில் நின்றது. "தெரியலியே தம்பி." நான் சொன்னேன், "அவசரமில்ல. இன்னொரு தடவை பாருங்கம்மா." முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன்னால் சாய்ந்தார், நிமிர்ந்து உட்காரச் சொன்னேன். கண்ணை இடுக்கினார், இடுக்காதீங்க என்றேன். பிறகு மெதுவாக மேலே, வலது, கீழே என்று காட்டினார். சரியாகத்தான் காட்டினார். "ஆங், அப்படித்தான்" என்று நான் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. அதை நான் பார்த்தேன். 6/18 என்று எழுதினேன்.

டாக்டர் 30 போட்டுவிட்டார். அந்த அம்மா டாக்டரிடம் கேட்கவில்லை, சீட்டை எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வந்தார்.

"ஏன் தம்பி, ஊருக்குள்ள பொட்டக்கண்ணிங்கிறாங்க. நடவுக்கு ஆள் கூப்புடுறவன் பொட்டக்கண்ணு வேணாம்னு கழிச்சு வுடுறான். சர்க்கார்ல மட்டும் கண்ணு நல்லாருக்குன்னு எழுதிட்டீங்களே?"

"நல்லாருக்குன்னு எழுதலம்மா. நீங்க காட்டுனதத்தான் எழுதினேன். சரியாத்தானே காட்டுனீங்க?"

"நீங்கதான பாரு பாருன்னீங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்: "சர்க்கரையக் கட்டுப்பாட்டுல வச்சுக்குங்க. பார்வை இன்னும் கொறஞ்சா மறுபடி வாங்க, பாக்கலாம்." இரண்டும் சரியான ஆலோசனை. ஒரே மூச்சில் சொன்னதுதான் கேவலமாக இருந்தது. அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டார்.

விதி என் பக்கம்தான். கண்ணாடி போட்டு எட்டக்கூடிய சிறந்த பார்வையைத்தான் எடுக்கணும், தயங்கியதும் நிறுத்திவிடு என்று எங்கேயும் இல்லை. நான் அதட்டிக் கேட்கவில்லை, ஏமாற்றவில்லை, இல்லாததை எழுதவில்லை. தெரிந்தும் தெரியாத மாதிரி நடிப்பவர்கள் வரத்தான் செய்கிறார்கள், அவர்களைப் பிடிக்க வழியும் இருக்கிறது. நாற்காலியைப் பாதித் தூரத்துக்கு நகர்த்தினால், உண்மையாகவே தெரியாதவர் முன்னைவிடச் சின்ன எழுத்தைப் படிப்பார். நடிப்பவர் பழைய வரியிலேயே நிற்பார். இதெல்லாம் நடிப்பவருக்கு. சான்றிதழ் கேட்டு வந்த இடத்திலும் பரீட்சையில் தேறணும் என்று முயற்சி செய்கிற ஆளுக்கு என்ன சோதனை?

அன்று அவருக்கு அடுத்து வந்தவருக்கும் ஏறக்குறைய அதே நிலைமை. 6/18 வரியில் "தெரியலைங்க" என்று அழுத்தமாகச் சொல்லிக் கையை மடியில் வைத்துக்கொண்டார். பாதித் தூரத்தில் சோதித்தேன், பொய் இல்லை. 6/24 எழுதினேன். அவரிடம் எத்தனை தடவை "பாருங்க" என்றேன்? நினைவில்லை. அந்த அம்மாவிடம் சொன்னதைவிடக் குறைவாக இருக்கலாம். மடியில் வைத்துக்கொண்ட கையிடம் எப்படிக் கெஞ்சுவது?

ஓ.பி.யில் தங்களைக் குருடு என்று சொல்லிக்கொள்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. பேப்பர் படிக்க முடியாதவரும் 'கண்ணு தெரியல' என்பார், வெளிச்சமே தெரியாதவரும் 'கண்ணு தெரியல' என்பார். 'குருடு' எல்லாம் அடுத்தவருக்கு, அல்லது வேறு எதற்கோ. முகாம் அறையிலேயே ஒரு சக ஊழியர் "குருட்டுத்தனமா ரூலப் புடிச்சுக்கிட்டு நிக்காதய்யா" என்று இன்னொருவரைக் கடிந்துகொண்டிருப்பார், வாசலில் கறுப்புக் கண்ணாடியும் வெள்ளைக் கோலுமாக ஐந்தாறு பேர் உட்கார்ந்திருப்பார்கள். ஒருமுறை டிரைவிங் லைசென்ஸுக்கு வந்த பையனுக்கு நிறக்குருடு என்று சீட்டில் எழுதப்போக, கூட வந்த அம்மா அழுதே விட்டார். பையனுக்கு 6/6.

அரசாங்கத்தின் கோடும் ஒரே இடத்தில் நின்றதில்லை. பார்வையிழப்புத் தடுப்புத் தேசியத் திட்டம் 1976-இல் தொடங்கியது. நெடுங்காலம் 6/60-க்குக் கீழே போனால் பார்வையிழப்பு. 2017-இல் உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைக்கு ஏற்ப அதை 3/60 ஆக்கினார்கள், அதாவது மூன்று மீட்டரில் விரலை எண்ண முடியாத நிலை. இடைப்பட்டவர்கள் எந்த ஆபரேஷனும் இல்லாமல் அந்தப் பட்டியலிலிருந்து வெளியே வந்தார்கள். 6/18-ம் 6/24-ம் இப்படி யாரோ உட்கார்ந்து போட்ட கோடுதான் என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதல். அந்தக் கோட்டில் நின்று ஒருவரை இந்தப் பக்கம் தள்ளிய கை என்னுடையது என்று நினைத்தால் அந்த ஆறுதல் போய்விடுகிறது.

திருவாரூரில் வேலை பார்த்துக்கொண்டு சுந்தரரை நினைக்காமல் இருக்க முடியாது. இரு கண்ணும் இழந்தவருக்குக் காஞ்சியில் ஒரு கண் கிடைத்தது. ஒன்று போதும் என்று இருந்தாரா? ஆரூர் வந்து சண்டை பிடித்துத்தான் மற்றதை வாங்கினார். காஞ்சியிலிருந்து ஆரூர் வரும் வழியில் எங்கள் முகாமுக்கு வந்திருந்தால், கிடைத்த கண் தெளிவாக இருக்கும் பட்சத்தில், அவருக்கும் 30 தான். டாக்டரிடம் இதைச் சொன்னேன். சிரித்தார், பிறகு "நீ அந்தம்மா கேசையே இன்னும் சுமந்துகிட்டிருக்க" என்றார்.

போன மாதம் பயிற்சிக்கு வந்த பெண் நோட்டுப் புத்தகத்தோடு நின்று கேட்டாள்: "சார், சர்டிஃபிகேட் கேஸுக்கு ஒரு வரிக்கு எத்தனை தடவை டிரை பண்ணச் சொல்லணும்?" அப்படி ஒரு எண்ணிக்கையை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. "ரெண்டு" என்றேன். எங்கிருந்து வந்தது அந்த ரெண்டு என்று எனக்கே தெரியாது. அவள் எழுதிக்கொண்டாள், அடியில் கோடும் போட்டாள். இப்போது அவள் பக்கத்து மேசையில் பார்வை எடுக்கும்போது இரண்டாவது தடவையோடு நிறுத்திவிடுகிறாள். மூன்றாவது தடவையில் சரியாகக் காட்டியிருக்கக்கூடிய யாரோ ஒருவர் அங்கே 6/24 வாங்கிக்கொண்டு போகிறார். நான் என் மேசையில் இன்னும் மூன்று, நான்கு தடவை கேட்கிறேன்.