ஐப்பசி, கார்த்திகை, நெற்றி

அக்டோபர் 24
நெற்றிச் சுருக்கத்துக்குப் போடாக்ஸ் ஊசி குத்தியாயிற்று. புருவ மத்தியில் ஐந்து இடம், மொத்தம் 20 யூனிட். நெற்றிக்குத் தனியாகக் கொஞ்சம். வலி எறும்புக் கடி அளவுதான். வீட்டுக்கு வந்ததும் தலைவலி. தைலம் தேய்த்துக்கொண்டு படுத்தேன்.

அக்டோபர் 28
கோடுகள் மங்குகின்றன. அவர் கவனிக்கவில்லை. நல்லதாய்ப் போயிற்று.

நவம்பர் 1
இடது இமை இறங்கியிருக்கிறது. தூக்கம் போதவில்லை போல என்று நினைத்தேன். மத்தியானமும் அப்படியே.

நவம்பர் 2
நாலு மணி நேரத்துக்கு நெற்றியைத் தேய்க்கக் கூடாதாம். நான் கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கிறது. ஊசி நாலு மணிக்கு. தைலம் ஏழு மணிக்கு.

நவம்பர் 4
போய்க் கேட்டேன். எடுத்துவிட முடியுமா?

முடியாது. டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். நரம்பு நுனியில் ஸ்னாப்-25 என்று ஒரு புரதம். போடாக்ஸ் அதை வெட்டிவிடுகிறது. அது இல்லாமல் நரம்பால், தசைக்குச் சேதி சொல்கிற அசிட்டைல்கோலினை வெளியே விட முடியாது. தசைக்கு உத்தரவு போய்ச் சேராது. நட்டுவாங்கம் நடக்கிறது, ஆடுகிறவளுக்குத் தாளம் கேட்கவில்லை. விஷமுறிவு மருந்து இருக்கிறதே என்றேன். இருக்கிறது, கெட்ட உணவால் உடம்பெங்கும் விஷம் ஏறியவர்களுக்கு. ரத்தத்தில் திரிவதைத்தான் அது பிடிக்கும், நரம்புக்குள் போய்விட்டதைத் தொடாது. நரம்பு தானாகப் பழைய நிலைக்கு வர வேண்டும். இமை சில வாரத்தில் ஏறிவிடும். நெற்றிக்கு மூன்று நான்கு மாதம்.

என் நாட்டியக் கச்சேரி டிசம்பர் 21. விரல் விட்டு எண்ணினேன். பொங்கல் தாண்டிவிடும்.

தைலத்தைப் பற்றியும் கேட்டேன். அதனால்தான் என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றார்.

நவம்பர் 5
தைலம்.

நவம்பர் 9
அக்கா போன். “ஒரு ஊசி போட்டா கரைஞ்சிடுமாம்டி, எங்க எதிர் ஃப்ளாட்ல ஒருத்திக்குப் பண்ணியிருக்காங்க.” விசாரித்தால் அது உதட்டைப் புடைப்பாக்கப் போடுகிற ஃபில்லர். அதிலிருக்கும் ஹயலூரானிக் அமிலத்தைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்று ஒன்று உண்டு. எனக்குள் போனது கரைக்கிற சரக்கு இல்லை. இதைச் சொல்லிப் புரியவைக்கவே அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில், “எதுக்கும் ஒரு தடவை கேட்டுப் பாரேன்.”

நவம்பர் 13
வகுப்பில் ஒரு வாண்டு அடவை மூன்றாம் முறையாகத் தப்பாகப் போட்டாள். முறைத்தேன். சிரித்துக்கொண்டே நிற்கிறாள். “அக்கா, நீங்க கோவமா இருக்கீங்களா?” தட்டுக்கழியை மணையில் ஓங்கி அடித்த பிறகுதான் புரிந்தது அவளுக்கு.

நவம்பர் 17
கண் டாக்டர். சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். இமையைத் தூக்குகிற இன்னொரு சின்னத் தசையை அது உசுப்புமாம். 1 அல்லது 2 மில்லிமீட்டர் ஏறலாம், அதுவும் சில மணி நேரத்துக்கு. இந்த ஊசி முதலில் வந்ததே கண்ணுக்குத்தான் என்று வேறு சொன்னார். அமெரிக்காவில் 1989இல் மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் அனுமதி, சுருக்கத்துக்கு 2002இல்தான். எனக்கு இதெல்லாம் எதற்கு?

ஒரு மில்லிமீட்டர். மை தீட்டினால் அதுவே மறைந்துவிடும்.

நவம்பர் 20
வெந்நீர் ஒத்தடம், ஆவி, முகப்பயிற்சி. ஒன்றும் நடக்காது என்று தெரிந்தே செய்கிறேன்.

நவம்பர் 27
நாட்டிய சாஸ்திரத்தில் புருவத்துக்கு ஏழு அசைவு. உத்க்ஷேபம், பாதனம், ப்ருகுடி, சதுரம், குஞ்சிதம், ரேசிதம், ஸஹஜம். பிள்ளைகளுக்கு மனப்பாடம் பண்ண வைத்தேன், செய்துகாட்டவில்லை. ஸஹஜம் என்றால் புருவம் சும்மா இருப்பது. அது ஒன்று மட்டும் எனக்குப் பிரமாதமாக வருகிறது.

டிசம்பர் 3
இமை ஏறிவிட்டது! காலையில் அவரைத் தட்டி எழுப்பிக் காட்டினேன். “எது இறங்கியிருந்தது?” என்கிறார்.

டிசம்பர் 8
நெற்றி அப்படியே. கச்சேரியில் நான் ஆடுகிற பதத்தில் கண்டிதா நாயகி, இரவெல்லாம் காத்திருந்தவள். காலையில் வருகிறான். அவன் மார்பில் எவளுடைய குங்குமமோ. அந்த இடத்தில் இடது புருவம் மட்டும் ஏற வேண்டும், வேறு எதுவும் அசையக் கூடாது. இருபது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன். இன்று கண்ணாடியில் பார்த்தால், வந்தவனுக்குக் காபி கொடுக்கப் போகிறவள் மாதிரி நிற்கிறேன்.

போன மார்கழி வீடியோவைத் திரும்பப் போட்டேன். விபூதிப் பட்டை மாதிரி மூன்று கோடு. அதைப் பார்த்துத்தானே ஓடினேன். அதே இடத்தில் நிறுத்திப் பார்த்தேன். புருவம் ஏற ஏற அந்த மூன்றும் ஒரு பக்கமாக வளைந்து ஏறுகின்றன.

நாலு தடவை பார்த்தேன். அப்புறம் தலைவலி. தைலத்தைத் தொடவில்லை.

டிசம்பர் 12
மேக்கப் அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போனார். புருவத்தை அரை விரல் ஏற்றி எழுதிவிடலாம்மா என்றார். எழுதினால் பதம் முழுக்கப் பதினெட்டு நிமிஷமும் ஏறியே இருக்குமே அண்ணா என்றேன். யோசித்தார். “ஒரு பக்கம் மட்டும் எழுதட்டுமா?”