திருட்டுக் கோப்பில் சிக்கிய மனிதர்

தென்னாப்பிரிக்காவில் டர்பனுக்குத் தெற்கே மொபேனித் தொழிற்பேட்டையில் நான் கணக்கு எழுதி வந்த கிடங்கில், 2022ஆம் ஆண்டு மின்வெட்டு இரவொன்றில் செம்புக் கம்பி உருளைகள் திருடு போயின. அன்றிரவு காவலுக்கு இருந்தவர் இன்றுவரை வீடு திரும்பவில்லை. இவ்விரண்டையும் ஒருசேரக் கேட்பவருக்கு உடனே என்ன தோன்றுமோ, அதுவேதான் மறுநாள் காலை அலுவலகத்திலும் தோன்றியது. பின்வாசல் பூட்டு உடைபடவில்லை, ஆளையும் காணோம், ஆகவே ஆள்தான் திருடன் என்று ஒரு கோப்பைத் தேநீர் ஆறுவதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள்.

அந்தக் காலத்தில் செம்புத் திருட்டு ஒன்றும் புதுமையல்ல. அதைத் தாங்க முடியாமல்தான் அரசாங்கம் அவ்வாண்டு நவம்பர் இறுதியில் செம்புக் கழிவு ஏற்றுமதிக்கே ஆறு மாதத் தடை விதித்தது. இரவில் மின்சாரம் போனால் கண்காணிப்புக் கேமராக்கள் பேட்டரியில் ஓட வேண்டும். எங்கள் கிடங்கில் அந்தப் பேட்டரிகள் நெடுநாளாகவே பழுதாகிக் கிடந்தன என்பதை அலுவலகத்தில் அறியாதவர் இல்லை; தீர்ப்பு எழுதியவர்கள் அதை மட்டும் பேசவில்லை.

காப்பீட்டுக்காரருக்கு நகல் எடுத்துக் கொடுக்கும் வேலை என்னிடம் வந்ததால், காவலர் மணிக்கொரு முறை குறிப்பெழுதும் ஓபி புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை நான் நிதானமாகப் பார்த்தேன். ஒரு மணிக்கு எல்லாம் ஒழுங்கு என்று வழக்கமான சாய்ந்த கையெழுத்தில் எழுதியிருந்தார். இரண்டு மணிக்கு மின்சாரம் போனதையும், வேலிக்கு வெளியே வெள்ளை நிறப் பக்கி (பின்புறம் திறந்த சிறு சரக்கு வண்டி) ஒன்று விளக்கணைத்து நிற்பதையும் குறித்து, அதன் கீழே என்டி என்ற டர்பன் பதிவெழுத்துகளையும் மூன்று எண்களையும் எழுதி நிறுத்தியிருந்தார். சுற்று வரும்போது சுவரிலுள்ள பொத்தான்களில் தொட்டுப் பதிவு செய்யும் தடி, அதன்பின் சில நிமிடங்களில் பின்வாசலை அவர் அடைந்ததைக் காட்டியது. திருடரோடு கூட்டுச் சேர்ந்தவர் அவர்களுடைய வண்டி எண்ணை எழுதி வைத்துவிட்டா போவார்? ஊரை ஏமாற்றத்தான் எழுதினார் என்று வாதிடலாம். அப்படியானால் எண்ணை ஏன் அரைகுறையாக விட்டார் என்பதற்கும் விடை சொல்ல வேண்டும். காவல் கூண்டில் அவருடைய இரத்த அழுத்த மாத்திரையும், இந்நாட்டில் காவல் வேலைக்கு இன்றியமையாத பிசிரா பதிவு அட்டையும் அப்படியே கிடந்தன. அம்மாதச் சம்பளம்கூட இன்னும் வந்திருக்கவில்லை.

திருட்டு வழக்கு அன்று காலையிலேயே பதிவாயிற்று. ஆனால் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து ஓடி வந்த அவர் மனைவியிடம், சில நாள் பொறுத்துப் பார்க்கும்படி காவல் நிலையத்தில் சொன்னார்கள். தென்னாப்பிரிக்காவில் காணாமல் போனவரைப் பற்றிப் புகார் கொடுக்க அப்படியொரு காத்திருப்புக் காலம் கிடையாது. ஒளிப்படத்தோடு சென்று 55 ஏ படிவத்தில் கையெழுத்திட்டால் உடனே தேட வேண்டும். பிறகு தனிக் கோப்பு திறந்தார்கள் என்பது உண்மைதான். ஆயினும் ஒரு கோப்பில் சந்தேக நபர், மற்றொன்றில் தேடப்படும் அப்பாவி என ஒரே மனிதர் இரண்டாகப் பிரிந்து போனார். ஓடி ஒளிந்தவரைத் தேடும் விதமும், அடிபட்டோ கடத்தப்பட்டோ கிடப்பவரைத் தேடும் விதமும் வேறு வேறு என்பதால், முதல் சில நாட்கள் வீணாகிவிட்டன என்பதே என் எண்ணம்.

நிறுவனத்துக்குக் காப்பீட்டுப் பணம் வந்து சேர்ந்தது. குடும்பத்துக்கோ எதுவும் வரவில்லை. வேலையிடத்தில் இறந்தவரின் குடும்பத்துக்கு 1993ஆம் ஆண்டுச் சட்டப்படி இழப்பீடு உண்டு, ஆனால் இறப்பை நிறுவ வேண்டும். ஏழு ஆண்டு கழிந்தால் தானாகவே இறந்தவராகக் கொள்வார்கள் என்று பலரும் நம்புகிறார்கள்; இங்கே அப்படிக் குறித்த கணக்கில்லை, வயது, உடல்நலம், தொழில், மறைந்த சூழ்நிலை ஆகியவற்றை எடைபோட்டு உயர் நீதிமன்றமே முடிவு செய்யும். அந்த ஆணை கிடைத்தாலும் திருமணம் தானே கலைந்துவிடாது, அதற்கு 1979ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வேறொரு ஆணை வேண்டும்.

இதை அவர் மனைவியிடம் விளக்கப் போனபோது, நான் அக்கா என்றே அழைக்கும் அவர், “தம்பி, அவர் இல்லைன்னு நானே என் வாயால எழுதிக் குடுக்கணுமா?” என்று கேட்டார். உறவினரில் ஒரு சாரார் பதினாறாம் நாள் கருமாதியைச் செய்துவிடு என்கிறார்கள். மாமியாரோ மருமகளின் பொட்டை யாரும் பேசக்கூடாது என்று பிடிவாதமாக இருக்கிறார். யார் பக்கமும் பேச எனக்கு வாய் வரவில்லை.

இறுதியில் அக்கா வழக்கறிஞரிடம் போனார். அவர் முதலில் கேட்டது அந்த ஓபி பக்கத்தைத்தான். மூல நூல் திருட்டுக் கோப்போடு இருக்கிறது என்று நிறுவனமும், நிறுவனத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம் என்று காவல் நிலையமும் சொல்லவே, என்னிடமிருந்த நகலைக் கொடுத்தேன். அந்த மூன்று எண்களைக் கொண்டு வாகனப் பதிவேட்டில் வெள்ளைப் பக்கிகளைத் தேடினார்களா என்று வழக்கறிஞர் எழுத்து மூலம் கேட்டிருக்கிறார். பதில் இன்னும் வரவில்லை.