ராச்செஸ்டர் கோட்டையும் 40 பன்றிகளும்

முற்றுகை என்றாலே கல்லெறி பொறிதான் நினைவுக்கு வரும். 1215-இல் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் கோட்டையில் அது எடுபடவில்லை. கோட்டையைப் பிடித்து வைத்திருந்த கிளர்ச்சியாளர்களை வீழ்த்த, ஜான் மன்னரின் ஆட்கள் பெரிய கோபுரத்தின் தென்கிழக்கு மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டினார்கள். தோண்டத் தோண்ட மரத்தூண்களால் முட்டுக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் தோண்டுகிறவன் தலையிலேயே சுவர் இறங்கும். பிறகு அந்த முட்டுகளை எரிக்க விறகு, சுள்ளி, கூடவே பன்றிக்கொழுப்பு. தின்ன லாயக்கில்லாத, நன்றாகக் கொழுத்த 40 பன்றிகளை அனுப்பும்படி நவம்பர் 25-ஆம் தேதி மன்னர் எழுதிய கடிதம் இருக்கிறது! காற்றோட்டமில்லாத குழியில் வெறும் விறகு புகைந்தே அணையும். கொழுப்பு உருகி மரத்தில் ஊறி நின்று எரியும். முட்டுகள் கருகின, மூலை சரிந்தது. பின்னாளில் அந்த ஒரு மூலையை மட்டும் வட்டமாகக் கட்டினார்கள். பாறையோ ஊற்றுநீரோ குறுக்கிட்டால் இந்த வேலை நடக்காது. சரி, மூலை சரிந்தும் உள்ளிருந்தவர்கள் கோபுரத்தை உள்ளே இரண்டாகப் பிரித்த குறுக்குச்சுவருக்குப் பின்னால் ஒதுங்கிச் சண்டையைத் தொடர்ந்தார்கள். அவர்களைப் பணியவைத்தது பசிதான்.